கஸ்பார் தேர்வு

மனிதர்கள் செத்த பிறகு தெருவுக்குப் பெயராவார்கள், பள்ளிக்கூடத்துக்குப் பெயராவார்கள், எதுவும் அமையாவிட்டால் பேருந்து நிறுத்தத்துக்காவது பெயராவார்கள். ஜெனோவாவின் கணவன் ஒரு தேர்வுக்குப் பெயரானான்.

தூத்துக்குடிக் கடற்கரையில் இருந்த ஆழ்நீர்ப் பயிற்சி மையத்தின் டீக்கடை வாசலில் நின்றால் அந்தப் பெயர் நாள் முழுக்கக் காதில் விழும். "கஸ்பார முடிச்சிட்டியாலே?" என்பான் ஒருவன். "எங்க, கஸ்பார் என்னைய மறுபடியும் கவுத்திட்டான்" என்பான் இன்னொருவன். கஸ்பார் ஒரு ஆள் என்பதே அவர்களுக்குப் பாதி மறந்துபோயிருக்கும். பக்கத்தில் நின்று டீ குடிக்கும் அம்மாள்தான் கஸ்பாரின் மனைவி, தேர்வுத் தொட்டியின் பொறுப்பாளரும் அவள்தான் என்று யாராவது விலாவில் இடித்தால், டம்ளரை வைத்துவிட்டு நழுவுவார்கள். ஜெனோவா கோபித்துக்கொண்டதில்லை. அவளுடைய கோபம் முழுவதும் ஒரே ஆளுக்கென்று எடுத்து வைத்தது. அதில் ஒரு சொட்டைக்கூட ஊராருக்குச் செலவழிக்க அவள் தயாராக இல்லை.

அந்த ஆளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் தேர்வைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கரையிலிருந்து பார்த்தால் தெரியாத தூரத்தில் காற்றாலைகள் கடலில் மிதந்தன. அவற்றை அடியிலிருந்து பிடித்து வைத்திருப்பவை நங்கூரச் சங்கிலிகள். சங்கிலிகளைப் பழுது பார்க்க முதலில் எந்திரங்களைத்தான் இறக்கினார்கள். மீனவர்கள் அறுத்துவிட்ட பழைய வலைகளில் சிக்கி அவையும் சங்கிலியோடு சேர்ந்து தொங்கின. ஆகவே மனிதர்கள் இறங்கினார்கள். அப்படி இறங்குகிற எல்லோரும் பதிவு உடை அணிய வேண்டும் என்பது சட்டம். உடம்பு என்ன செய்கிறதோ அதை அந்த உடை அப்படியே பதிந்துகொள்ளும். மூச்சு, நெஞ்சுத் துடிப்பு, தசையின் இறுக்கம், தோலில் படும் அழுத்தம், குளிர் எல்லாம் அதில் இருக்கும். கண் பார்த்ததும் மனம் நினைத்ததும் இருக்காது. பிறகு வேறொருவர் அதேபோன்ற உடையை மாட்டிக்கொண்டு உப்புநீர்த் தொட்டியில் படுத்தால், பதிவிலிருக்கும் உடம்பு அவருடைய உடம்பாகிவிடும்.

கஸ்பார் அப்படியொரு சங்கிலியடியில், வலையில் கால் சிக்கி இறந்தான். விட்ட மூச்சையே சுத்தம் செய்து திருப்பித் தரும் அவன் சுவாசக் கருவியில், ஆக்சிஜன் வருவது மட்டும் நின்றுபோயிருந்தது. அவசரத்துக்கென்று கட்டியிருந்த சிலிண்டரும் வலைக்குள் மாட்டிக்கொண்டது. அந்த நிலைமையில் யாராக இருந்தாலும் திமிறுவார்கள், மூச்சை வாரி இழுப்பார்கள். கஸ்பாரின் பதிவில் அது இல்லை. கொஞ்ச நேரம் போராடிய மூச்சு பிறகு தானாக அமைதியாகி, தூங்கும் குழந்தையின் மூச்சாக மெலிந்து, நின்றது. பாதுகாப்பு வாரியத்தார் அதைப் பார்த்துவிட்டு அசந்துபோனார்கள். ஆழத்தில் பதறாமல் இருப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது என்று முடிவுசெய்து, ஆழ்நீர் உரிமத்துக்கான கடைசித் தேர்வாக வைத்துவிட்டார்கள். தொட்டியில் படுக்கும் மாணவன் தன் சொந்த மூச்சைக் கஸ்பாரின் மூச்சோடு ஒட்டி ஓட்ட வேண்டும். கடைசிவரை ஒட்டினால் தேர்ச்சி. கஸ்பாரோடு சேர்ந்து சாகத் தெரிந்தவனுக்குத்தான் ஆழத்தில் வேலை.

ஆக்சிஜன் சிறுகச் சிறுகக் குறைந்தால் எந்த உடம்பும் அப்படித்தான் கண்ணயரும், இதில் வீரமும் இல்லை விசுவாசமும் இல்லை என்று ஒரு மருத்துவர் சொல்லிப் பார்த்தார். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஜெனோவாவும் கண்டுகொள்ளவில்லை. அப்பாவுக்கு வலித்ததா என்று மகள் அமலி கேட்டபோது, இல்லை, தூங்குகிற மாதிரிப் போய்விட்டார் என்று சொல்ல அவளுக்கு அந்தப் பதிவுதான் கைகொடுத்தது. அமலி அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வளர்ந்தாள். இப்போது சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். எங்கப்பா கடைசிவரை பயப்படவே இல்லை என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

பதிவை வாரியத்துக்குக் கொடுக்கச் சம்மதித்த ஜெனோவா, பதிலுக்குத் தொட்டியில் வேலை கேட்டாள். கொடுத்தார்கள். பிறகு முறைப்படி டைவிங் கற்றுக்கொண்டு ஒவ்வொரு சான்றிதழாக வாங்கினாள். இவளுக்கு எதற்கு இந்த வயதில் இந்த வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவளுக்கு ஆழ்கடல் வேண்டாம், உத்தியோக உயர்வும் வேண்டாம். சான்றிதழ் இல்லாதவர்களைத் தொட்டிக்குள் விடமாட்டார்கள். கணவனின் கடைசி நேரம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தெரிந்துகொண்டாள். அமைதியாகும் மூச்சுக்கு முன்னால் பதிவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. கஸ்பாரின் வலது கை எதையோ இறுகப் பிடித்திருக்கும். பிறகு அந்தப் பிடி விடும். வலையின் கயிற்றைப் பிடித்திருந்தான், அது நழுவிவிட்டது என்று விசாரணைக் குழு எழுதியது. பாடம் நடத்துகிறவர்களும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் கயிறு நழுவினால் கை ஒட்டுமொத்தமாகத்தான் திறக்கும். இங்கே முதலில் சுண்டுவிரல் பின்னால் வளைந்தது. அடுத்து மோதிரவிரல். அப்புறம் நடுவிரல். அமலியைப் பள்ளிக்கூடத்தில் விட்ட முதல் நாள், தன் சேலையைப் பிடித்திருந்த அவள் கையை ஜெனோவா அப்படித்தான் பிரித்தாள், சுண்டுவிரலில் ஆரம்பித்து. பிடித்திருக்கும் கையைப் பிரிக்க இன்னொரு கையால் மட்டும்தான் முடியும்.

அந்த ஆழத்தில் கஸ்பாரோடு இருந்தது ஒரே ஒரு ஆள். ரெமிஜியூஸ். கஸ்பாரின் சிநேகிதன், அமலிக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பன், எல்லோருக்கும் ரெமி. அவனிடம் நல்ல சிலிண்டர் ஒன்று மிச்சம் இருந்தது. விசாரணையில் அவன் சொன்னது இது: கஸ்பார் கைச்சைகையில் தான் நன்றாக இருப்பதாகச் சொல்லி, மேலே போய் வேறொரு சிலிண்டர் எடுத்துவரும்படி என்னை அனுப்பினான், நான் வருவதற்குள் முடிந்துவிட்டது. நம்பினார்கள். உயிரோடு திரும்பியவர்களின் உடைப் பதிவை அப்போதெல்லாம் சேமித்து வைப்பதில்லை. ரெமிக்குப் பதவி உயர்வு வந்தது. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு ஜெனோவா வீட்டுக்குக் கேக் வரும். தூத்துக்குடியிலேயே நல்ல கேக் தின்ற நாய்கள் அவள் தெரு நாய்கள்தான்.

அமலிக்கு இது எதுவும் தெரியாது. அவளுக்கு ரெமி சித்தப்பா என்றால் உயிர். ஜெனோவா சொல்லவில்லை. சொன்னால், அப்பா நிம்மதியாகப் போனார் என்ற கதைக்குள் ஒரு கை நுழைந்துவிடும்.

போலீசுக்குப் போகவும் அவள் நினைக்கவில்லை. சுண்டுவிரல் முதலில் வளைந்தது என்று எந்தக் கோர்ட்டில் சொல்வது? அவளுக்கு வேறொரு எண்ணம் இருந்தது. ரெமி பழைய காலத்து உரிமக்காரன், கஸ்பார் தேர்வு எழுதாமலே ஆழத்துக்குப் போகும் தலைமுறை. அவனை அந்தத் தொட்டியில் படுக்கவைக்க வேண்டும். அவன் கைகளை அவனே மறுபக்கத்திலிருந்து அனுபவிக்க வேண்டும். அதற்காக அவள் வாரியத்தின் கூட்டம் ஒன்று விடாமல் போனாள். பழைய உரிமக்காரர்களும் தேர்வு எழுத வேண்டும் என்று பேசினாள், மன்றாடினாள், சண்டை பிடித்தாள். கடைசியில் விதி வந்தது. நாடு முழுக்க நரைத்த தலையோடு தொட்டியில் படுக்க நேர்ந்த டைவர்கள் எல்லோரும் அந்த விதியைக் கொண்டுவந்தவரின் ஏழு தலைமுறையையும் திட்டினார்கள். ஒரே ஒருவனுக்காகப் போட்ட விதி அது என்று அவர்களுக்கு யார் சொல்வது.

ரெமி முடிந்தவரை தள்ளிப்போட்டான். மேசை வேலையாகப் பார்த்து வாங்கிக்கொண்டான். ஆனால் புதிய காற்றாலைத் தொகுதிக்குத் தலைமை டைவர் பதவி வந்தபோது ஆசை விடவில்லை. ஒரு நாள் காலை மையத்துக்கு வந்து நின்றான்.

"நல்லாருக்கியளா மைனி?" என்று அண்ணி முறை வைத்துக் கேட்டான். தொட்டியைப் பார்க்காமல் அவளையே பார்த்தான்.

உடையை அவள்தான் மாட்டிவிட்டாள். வலது கையுறையை மட்டும் இரண்டு தடவை இழுத்துச் சரிபார்த்தாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஜெனோவா பார்த்தாள். ஆரம்பத்தில் ரெமியின் மூச்சு கஸ்பாரின் மூச்சோடு ஒட்டவே இல்லை. தாறுமாறாக ஏறி இறங்கியது. பிறகு அந்த இடம் வந்தது. ரெமியின் வலதுகைச் சுண்டுவிரல் வளைந்தது. எத்தனையோ மாணவர்களை அந்த இடத்தில் அவள் பார்த்திருக்கிறாள். எல்லோரும் சும்மா இருப்பார்கள். ரெமியின் இடது கை மட்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து, தன் வலது கையைப் போகவிடாமல் பற்றிக்கொண்டது. பிரயோசனமில்லை. பற்றிய கைக்குள்ளேயே அடுத்தடுத்த விரல்கள் பிரிந்தன. ஜெனோவா கண்ணாடியை நெருங்கிக் குனிந்தாள். அழு, நல்லா அழு என்று மனதுக்குள் சொன்னாள்.

ஆனால் அடுத்து நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. பதிவில் கஸ்பாரின் தோளில் இரண்டு தட்டு விழும். வலையின் மிதவைக்கட்டை இடித்தது என்று பாடத்தில் சொல்வார்கள். அந்த இடம் வந்ததும் ரெமியின் மார்பு ஒருமுறை குலுங்கியது. பிறகு அவன் மூச்சு கஸ்பாரின் மூச்சோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டியது ஒட்டியதுதான், கடைசிவரை விலகவில்லை. அந்தத் தொட்டியில் அதுவரை யாரும் அவ்வளவு நெருங்கி ஒட்டியதில்லை.

முகக்கவசத்தைக் கழற்றியபோது அவன் முகத்தைப் பார்த்தாள். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் முடித்து வெளியே வருகிறவனின் முகம்.

"நாந்தான் அவன் வெரலப் பிரிச்சேன் மைனி" என்றான் ரெமி. தண்ணீர் சொட்டச் சொட்டத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "சிலிண்டரக் குடுத்தா நான் மேல வந்து சேர மாட்டேன்னு பயந்துட்டேன். என் சிலிண்டர் வாரப் பிடிச்சிருந்தான். பிரிச்சுவிட்டுட்டு, தோள்ல ரெண்டு தட்டு தட்டுனேன். வாறேன், இருன்னு அர்த்தம். நான் வரப்போறதில்லன்னு எனக்குத் தெரியும். ஆனா அவன் நம்பிட்டான் மைனி. அந்தத் தட்டுக்குப் பெறவுதான் அவன் மூச்சு அடங்குச்சு. நான் வருவேன்னு நம்பிக்கிட்டே தூங்கிட்டான்."

விசாரணைக் குழுவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றான். வேண்டாம் என்றாள் ஜெனோவா. சொன்னால் அவன் பாரம் இறங்கிவிடும். இறக்கி வைத்துவிட்டுப் போக என் வீடு சுமைதாங்கி இல்லை என்று அவனிடமே சொன்னாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டு, தேர்ச்சி பெற்றவனாக வெளியே போனான்.

வீட்டுக்கு வந்து சாளை மீனைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் தான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருடம் ரெமிக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: அமைதியாகப் போன கஸ்பார் அவனை நம்பிப் போனானா, மனதுக்குள் சபித்துக்கொண்டு போனானா என்பது. அது தெரியாததால்தான் அவன் தொட்டிக்குப் பயந்தான், குடித்தான், கேக் அனுப்பினான். அந்தப் பதிலை அவள் பாடுபட்டு, விதியெல்லாம் போட்டு, அவன் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். தன் முட்டாள்தனத்தை நினைத்து அவள் மீன்சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தாள்.

உரிமம் உள்ளவர்கள் பெரிய வேலைக்கு இறங்குமுன் பயிற்சிக்காகத் தொட்டியைக் கேட்டு வாங்கலாம். ரெமி சனிக்கிழமைதோறும் வந்தான். முதல் சில வாரம் பயிற்சி என்று சொன்னான். பிறகு அந்தச் சாக்கும் இல்லை. கோயிலுக்கு வருகிறவன் மாதிரிக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வருவான். கஸ்பாரின் உடம்புக்குள் போய்ப் படுப்பான். தோளில் தட்டு வாங்கி, நம்பி, தூங்கி, எழுந்து வருவான். குடியை விட்டுவிட்டான். முகத்தில் சதை பிடித்தது. தலைமை டைவர் பதவியும் கிடைத்தது. மாணவர்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டார்கள்.

சென்னையிலிருந்து அமலி போன் செய்தாள். சித்தப்பா கல்லூரிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனதாகவும், ஆளே மாறிப்போயிருப்பதாகவும் சொன்னாள். அப்பாவோடு வாராவாரம் பேசிவிட்டு வருவதுபோல இருக்கிறது என்று அவர் சொன்னாராம். கேட்கவே சந்தோஷமாக இருந்தது என்றாள் அமலி. ஜெனோவாவுக்கு வயிறு எரிந்தது. பதிவு கஸ்பாருடையது, உடம்பு கஸ்பாருடையது, சாவு கஸ்பாருடையது. ஆறுதல் மட்டும் ரெமிக்கா?

அடுத்த சனிக்கிழமை ரெமி தொட்டியைவிட்டு வந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்: "அவன் என்னைய மன்னிச்சிட்டான் மைனி. நீங்களும் மன்னிச்சிட்டா நான் நிம்மதியா இருப்பேன்."

ஜெனோவா திட்டம் எதுவும் போட்டு வைத்திருக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"அதோட முடியல, ரெமி."

அவன் துவட்டுவதை நிறுத்தினான்.

"நீ பாக்குறது தேர்வுக்காக வெட்டுனது. பிள்ளைகளுக்கு அதுக்கு மேல குடுத்தா தாங்காதுன்னு அந்த எடத்துல நிறுத்திட்டாங்க. மூச்சு அடங்குச்சுல்லா, அது ஒரு மயக்கம். அப்பறம் எங்க வீட்டுக்காரவுகளுக்கு முழிப்பு வந்துது."

"மீதில என்ன இருக்கு?"

அவள் அவன் கையிலிருந்து துண்டை வாங்கி மடித்தாள். "நீ தட்டுன தட்டு பொய்யின்னு அவுகளுக்குத் தெரிஞ்ச பெறவு உள்ளது இருக்கு."

மீதி என்று ஒன்று கிடையாது. மூச்சு நின்ற இடத்தில் பதிவும் நிற்கிறது. மூலப் பதிவைப் பார்க்கும் அதிகாரம் மையத்தில் அவளுக்கு மட்டும்தான் உண்டு; ஆகவே அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கஸ்பார் விழித்துக்கொள்ளவே இல்லை. ஆனால் ரெமி நம்பினான். குற்றமுள்ளவனை நம்பவைக்க மெனக்கெட வேண்டியதில்லை.

அவன் அதைத் தனக்குக் காட்டச் சொன்னான். அது உன் பார்வைக்கு இல்லை என்றாள். அடுத்த வாரம் வந்து கெஞ்சினான். அதற்கடுத்த வாரம் தொட்டியில் படுத்தவன், மூச்சு அடங்கும் இடம் வந்ததும் அடங்க விடாமல் எதையோ எதிர்பார்த்துத் திமிறினான். அடுத்து வரப்போவதாக அவன் நினைத்த விழிப்புக்குப் பயந்து, இருந்த தூக்கத்தையும் இழந்தான். மாணவனாக இருந்தால் அந்த இடத்திலேயே தோல்வி என்று எழுதியிருப்பார்கள். அதோடு சனிக்கிழமை வருவதை நிறுத்திவிட்டான். மாணவர்களுக்கு ஆழமில்லாத குளத்தில் முகக்கவசம் மாட்டக் கற்றுக்கொடுக்கும்போது, தன்னுடையதைப் பிய்த்தெறிந்துவிட்டுக் கரையேறினான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். தலைமை டைவர் தண்ணீரைப் பார்த்தால் நடுங்குகிறார் என்றார்கள். பதவி வேண்டாமென்று அவனே எழுதிக்கொடுத்துவிட்டுப் போனான்.

ஜெனோவாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? கஸ்பார் போன பிறகு முதல்முறையாகப் பசியெடுத்துச் சாப்பிட்டாள். பூக்காரியிடம் நின்று பேரம் பேசிப் பிச்சிப்பூ வாங்கினாள். பாதி ராஜ்யம் பிடித்தவள்போலத் தெருவில் நடந்தாள். ஒரு பொய்தான், அதுவும் தகுந்த ஆளிடம் சொன்னது, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தாள்.

ஒரு நாள் மையத்தில் மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறக்கும்போது அமலி போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, ரெமி சித்தப்பா வந்திருக்காங்க. பக்கத்துலதான் இருக்காங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

ஜெனோவா டப்பாவை மூடினாள்.

அமலியின் குரல் நிதானமாகத்தான் இருந்தது. சித்தப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்றாள். கை விஷயத்தையும் சொல்லிவிட்டார். கேட்டதும் கொஞ்ச நேரம் அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றாள். பிறகு யோசித்துப் பார்த்தாளாம். அப்பாவே அவரை நம்பி அமைதியாகப் போயிருக்கும்போது, தான் என்ன கோபப்படுவது என்று தோன்றியதாம்.

"ஆனா மீதின்னு ஒண்ணு இருக்குன்னு நீ சொன்னியாம். வாரிசு கேட்டா மூலப் பதிவக் குடுக்கணும்னு சட்டம் இருக்காம். அதக் கேட்டு வாங்கிக் குடுன்னு சித்தப்பா அழுவுறாங்க. அவங்க அதுல படுத்துப் பாக்கணுமாம், எவ்வளவு மோசமா இருந்தாலும் பரவால்லயாம். உண்மையாம்மா? அப்படி ஒண்ணு இருக்கா?"

போனில் இன்னொரு மூச்சும் கேட்டது. கனத்த, தாறுமாறான மூச்சு. ஜெனோவாவுக்கு அந்த மூச்சை நன்றாகத் தெரியும்.

இல்லை என்று சொன்னால் போதும். அமலியின் அப்பா மறுபடி தூங்குவதுபோலப் போய்விடுவார். ஆனால் அதே சொல் ரெமிக்கும் போகும். அவன் எழுந்து முகம் கழுவிக்கொள்வான். அமலி அவனை மன்னிப்பாள். ஏற்கெனவே பாதி மன்னித்துவிட்டாள். அவன் அடுத்த சனிக்கிழமை வெள்ளைச் சட்டையோடு வந்து, கஸ்பாருக்குள் சுகமாகப் படுப்பான். மகளுக்கு ஒரு பதில், அவனுக்கு ஒரு பதில் என்று தனித்தனியாகக் கொடுக்க வழியில்லை. இப்போது ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு அமலியிடம் தனியாக உண்மையைச் சொல்லலாமா என்றும் யோசித்தாள். சொன்னால் அமலி அன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுவாள். அடுத்தவர் தவிப்பதை ஒரு நாள் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். அப்பாவைக் கொண்டு பிறந்தவள்.

"அம்மா?"

"இருந்துச்சு" என்றாள் ஜெனோவா. "இப்ப இல்ல. நான் அழிச்சிட்டேன்."

"ஏன்?"

"யாரும் பாக்கக் கூடாதுன்னு."

பிறகு அமலி, சின்ன வயதில் கேட்ட அதே கேள்வியை, வளர்ந்த பெண்ணின் குரலில் கேட்டாள்.

"அப்பா கஷ்டப்பட்டாங்களாம்மா?"

தொட்டியின் கண்ணாடி எதிரில் இருந்தது. தண்ணீரில் ஒருவரும் இல்லை. எத்தனையோ பேர் அதற்குள் படுத்துக் கஸ்பாரின் கடைசி மூச்சை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவளும் படுத்திருக்கிறாள். அவன் எவ்வளவு லேசாகப் போனான் என்று அவள் உடம்புக்கே தெரியும்.

"ஆமா" என்றாள். "ரொம்பக் கஷ்டப்பட்டாங்க."

ரெமி அழத் தொடங்கினான். வாய்விட்டு, ஆண்கள் பொதுவாக அழாத விதத்தில், குடல் புரள அழுதான். கஸ்பாரின் விரல்கள் பிரிவதைத் தொட்டியில் உணர்ந்த நாளிலிருந்து ஜெனோவா காத்திருந்தது அந்த அழுகைக்குத்தான். அவள் போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

அப்போது அமலி பேசினாள். குரல் உடைந்திருந்தது, ஆனால் அதில் கோபம் இல்லை. "இத்தன வருஷமா இத நீ ஒத்தையா வெச்சுக்கிட்டு இருந்தியாம்மா? எங்கிட்டச் சொல்லாம, என்னையச் சிரிக்க வெச்சுக்கிட்டு? பாவம்மா நீ."

அவளும் அழத் தொடங்கினாள். இரண்டு பேர் அழும் சத்தமும் ஒன்றாகக் கலந்து வந்தது. ஜெனோவா கண்ணை மூடிக்கொண்டு, அதில் ரெமியின் அழுகையை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்க முயன்றாள். வெகுநேரம் முயன்றாள். எது யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.